அச்சடிக்காத போஸ்டர்

அச்சடிக்கவே இல்லாத போஸ்டரைப் பார்த்துவிட்டு ஆட்கள் வருவார்களா? விளம்பரம் தருகிற பெங்களூர்க் கேம் கம்பெனி கடிதத்தில் கேட்டிருந்ததை ஒரே வரியில் சொன்னால் இவ்வளவுதான். அவர்கள் அதை நீட்டி முழக்கி, மரியாதை குறையாமல், ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கெடுவும் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் விளக்கம் வர வேண்டும். வராவிட்டால், 'ஆடிப் பார்' ஆப்பிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் போலி ஆட்கள் என்று மற்ற விளம்பரதாரர்களுக்கும் தெரிவித்துவிடுவார்கள்.

"தெரிவிச்சா அவ்வளவுதான்," என்றான் அறிவழகன். "அப்புறம் எந்த ஊர்லயும் நம்மள நம்பி ஒருத்தன் விளம்பரம் தர மாட்டான். கீழ போயி மக்காச்சோள விதைதான் விக்கணும்."

"கீழ ஆள் எடுக்கறாங்களான்னு மொதல்ல கேட்டுக்க," என்றாள் சுவாதி.

கீழே விதைக்கடை. பெரம்பலூர் துறையூர் ரோட்டில் அந்தக் கடையின் மாடிதான் 'ஆடிப் பார்' ஆபீஸ். பூச்சிமருந்துப் பெட்டி வந்து இறங்குகிற நாளில் மேலே இருப்பவர்களுக்கும் கண் எரியும். அறிவழகனும் சுவாதியும் ஒரே காலேஜில் படித்தவர்கள். அவன் சென்னையில் ஒரு கேம் கம்பெனியில், கேமை வெளியிடும் முன்பு ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற காலத்தில் ஊருக்கு வந்தவன், திரும்பக் கூப்பிட்டபோது போகவில்லை.

அப்போது ஒரு நாள் அரியலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். நிற்கிறவனுக்கு உட்கார்ந்திருப்பவர்களின் போன் எல்லாம் தெரியும். பஸ் முழுக்க ஒன்றிரண்டு கேம்களையே எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருக்கா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டான். "போரடிக்குது. வேற என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். லட்சக்கணக்கில் கேம்கள் இருக்கின்றன. போனில் ஆப் கடையைத் திறந்தால் பெரிய கம்பெனிக்காரர்களின் சரக்குதான் முன்வரிசையில் நிற்கிறது. சின்ன ஆட்கள் செய்த நல்ல கேமை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தக் கேள்வியிலிருந்துதான் 'ஆடிப் பார்' பிறந்தது. அந்த ஆப்பைத் திறந்தால் மூன்றே கேள்வி. எவ்வளவு நேரம் சும்மா இருப்பீங்க? நெட் எவ்வளவு மிச்சம் இருக்கு? ஒரு கை காலியா, ரெண்டு கையும் காலியா? பதிலைப் பொறுத்து ஒரு கேமைக் காட்டும். அந்த கேமுக்குள் போனவர் நிலைத்து ஆடினால், கேம் செய்தவர்கள் விளம்பரக் கட்டணம் தருவார்கள். சுவாதி புரோகிராம் எழுதினாள். அறிவழகன் கம்பெனி கம்பெனியாகப் பேசினான். இந்த வருஷம்தான் பெங்களூர்க்காரர்கள் பெரிய விளம்பரதாரராக வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய கேமின் பெயர் 'மூட்டை அடுக்கு'. லாரியில் சாயாமல் மூட்டைகளை அடுக்க வேண்டும்.

யார் எந்த விளம்பரத்தைப் பார்த்து 'ஆடிப் பார்' பக்கம் வந்தார்கள் என்று பிரித்து எழுதுவது இலக்கியாவின் வேலை. கணக்குப் பட்டதாரி. பகலில் இங்கே, சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டேட்டா வகுப்பு. ஒரு கூட்டலை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை போடுவாள். இரண்டும் ஒன்றாக வந்தாலும், இரண்டிலும் ஒரே தப்பைச் செய்திருப்போமோ என்று தோன்றும்.

இந்த விவகாரத்தில் அவள் பெயர் நடுவில் இருந்தது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு தனி கியூஆர் கோடு உண்டு. ஆபீஸ் தொடங்கியதும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்ட ஒரு போஸ்டர் தயாரித்தார்கள். அனுமதி கிடைக்காததால் அச்சடிக்காமலே விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த போஸ்டரின் கோடு வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இல்லாத போஸ்டரிலிருந்து எப்படி வர முடியும், ஆபீஸில் யாராவது சோதித்துப் பார்த்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்து, இலக்கியா அந்த எண்ணிக்கையை 'டெஸ்ட்' என்ற வரிசையில் போட்டு மாதாமாதம் அனுப்பினாள். 'டெஸ்ட் என்று நீங்கள் சொல்லும் போன்கள் எங்கள் கேமில் நாற்பதாவது லெவலைத் தாண்டி நிற்கின்றன. எதை மறைக்கிறீர்கள்?' என்று பெங்களூர்க்காரர்கள் கேட்டார்கள். அந்த அறிக்கைகளின் அடியில் இருந்த பெயர் அவளுடையது.

"வெளிப்புற விளம்பரம் ஒண்ணு சோதனையா வச்சோம், சொல்ல மறந்துட்டோம்னு எழுதிரலாம்," என்றான் அறிவழகன்.

"எங்க வச்சீங்கன்னு கேட்டா என்னண்ணே சொல்லுவீங்க?" என்று கேட்டாள் இலக்கியா.

அவன் சுவாதியைப் பார்த்தான். "என்னப் பாக்காத," என்றாள் சுவாதி.

"எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்கண்ணே," என்றாள் இலக்கியா.

சாயங்கால வகுப்பில் மற்றவர்கள் பயிற்சிக் கணக்கு போட்டுக்கொண்டிருக்க, அவள் அந்த 'டெஸ்ட்' வரிசையைத் திறந்து வைத்துப் பார்த்தாள். ஒத்துவராத எண்களை நீக்கிவிட்டு மேலே போகலாம் என்று அன்றைக்குத்தான் பாடம் நடந்தது. நீக்க மனசு வரவில்லை. ஏனென்றால் அந்த வரிசைக்கு ஒரு குணம் இருந்தது.

முதலில், எல்லாப் போன்களும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தது ஒரே இடத்தில், ரெட்டிபாளையத்தில். அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் பேக்டரி இருக்கிற ஊர். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பலாக வந்திருந்தார்கள். அதன்பிறகு நாளுக்குக் கொஞ்சம் பேர். இரண்டாவது, வந்த போன்கள் அங்கேயே தங்கவில்லை. ரெட்டிபாளையத்தில் தொடங்கிய ஆட்டத்தை நெல்லூரிலும் பாலக்காட்டிலும் தொடர்ந்திருந்தார்கள். போலி ஆட்களை உருவாக்குகிறவர்கள் நூறு போனை ஓர் அறையில் அடுக்கி வைத்துத் தட்டுவார்கள் என்று படித்திருக்கிறாள். அந்தப் போன்கள் ஊர் சுற்றுமா?

மூன்றாவதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணிக்கை சட்டென்று ஏறும். அப்புறம் நாளாக ஆகக் குறைந்து, வியாழக்கிழமை ஒன்றுமே இல்லாமல் போகும். மறுபடி வெள்ளிக்கிழமை ஏறும். கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை பார்க்குமா?

மறுநாள் போஸ்டரை டிசைன் செய்த பிளெக்ஸ் கடைக்குப் போனாள். முத்துவேலின் கடை. பெரிய மிஷினில் யாருக்கோ திருமண வாழ்த்து அச்சாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மூக்கு வரைக்கும் வந்திருந்தார்.

"நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களேம்மா. நான் ஒரு இஞ்ச் கூட அடிக்கல," என்றான் முத்துவேல்.

"அந்த பைல் இன்னும் இருக்காங்க?"

"இருக்கும். நான் எதையும் அழிக்க மாட்டேன். பழைய பைல எடுத்து மூஞ்சிய மாத்தறதுதானே நம்ம தொழிலு? புதுசா போட்டுக்கிட்டு இருந்தா கல்யாணம் முடிஞ்சு புள்ள பொறந்துரும்." தேடித் திறந்தான். மஞ்சள் பின்னணி, மூலையில் பலூன், கீழே வலதுபக்கம் கோடு. "நல்லா இருக்குல்ல? பலூன் நானே போட்டது. வீணாப் போவுதேன்னு வருத்தமா இருந்துச்சு."

"வீணாப் போச்சா, வேற எதுக்காவது எடுத்தீங்களா?"

முத்துவேல் மெதுவாக இன்னொரு பைலைத் திறந்தான். அதே மஞ்சள், அதே பலூன். நடுவில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பட்டுப்பாவாடையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 'காதணி விழா. எங்கள் வீட்டு இளவரசி முத்தமிழ். அனைவரும் வருக. அன்புடன் தாய்மாமன் சாமிதுரை, ரெட்டிபாளையம்.' வலதுபக்கம் கீழே, 'விழா போட்டோக்களைக் காண ஸ்கேன் செய்யவும்.' அதன் மேலே கோடு.

இலக்கியா தன் போனை நீட்டினாள். திரையில் 'ஆடிப் பார்' திறந்தது.

"அடப்பாவி," என்றான் முத்துவேல், தன்னைத்தானே. "போட்டோக்காரரு ஆல்பத்துக்கு ஒரு கோடு அனுப்பியிருந்தாரும்மா. பேர மாத்தினேன், போட்டோவ மாத்தினேன், இத விட்டுட்டேன். பாத்தா எல்லாக் கோடும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமைக் கும்பல் யாரென்று தெரிந்துவிட்டது. விருந்தாளிகள். ஆனால் விழா ஒரே நாளில் முடிந்திருக்குமே, வெள்ளிக்கிழமை எங்கிருந்து வருகிறது? அதை முத்துவேலிடம் கேட்டுப் பயனில்லை. அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு, இந்த பைலை வேறு யாருக்கெல்லாம் கொடுத்தோம் என்று தேட ஆரம்பித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அரியலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ரெட்டிபாளையம் போய் இறங்கினாள். ரோட்டோரம் நெடுக லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சிமெண்ட் ஏற்ற முறை வருகிறவரை அப்படித்தான் நிற்கும் என்று கண்டக்டர் சொன்னார். மரம், லாரி, கூரை எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறப் புழுதி. சாமிதுரை என்று கேட்டதுமே கையைக் காட்டினார்கள். ரோட்டோர டீக்கடை. கடைக்குப் பக்கவாட்டில், உட்கார்ந்திருப்பவர்கள் மேல் வெயில் படாமல் இருக்க, ஒரு பிளெக்ஸைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சாம்பல் படலத்துக்குள்ளிருந்து பட்டுப்பாவாடைக் குழந்தை முறைத்துக்கொண்டிருந்தது.

விழா முடிந்த பிளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் போவது எங்கும் உள்ளதுதான். அங்கெல்லாம் படம் உள்ளே போய்விடும், இல்லையென்றால் தலைகீழாகும். இங்கே தாய்மாமன் படத்தை பெஞ்சைப் பார்த்து நேராகக் கட்டியிருந்தார்.

இலக்கியா அவசரமாகப் போனை எடுத்துக் கோடின் மேல் காட்டினாள். ஒன்றும் வரவில்லை. கிட்டே போனாள், தள்ளிப் போனாள். வரவில்லை. புழுதி அப்பியிருந்தது. இது இல்லையா அப்போது? இவ்வளவு தூரம் வந்து, தான் நினைத்ததற்கு ஏற்ற மாதிரி எல்லாவற்றையும் தானே பொருத்திக்கொண்டோமா?

"இப்ப வராதும்மா," என்றார் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர். அரியமுத்து என்று பிற்பாடு பெயர் சொன்னார். "இன்னும் தொடைக்கல. லீலாவதி வரட்டும்."

"யாருங்க அது?"

"பாப்பாவோட அம்மா. சாமிதுரை தங்கச்சி. வெள்ளிக்கிழமை கடைக்குச் சாமி கும்பிட வரும். வந்தா மொத வேலையா மக மூஞ்சியத் தொடைக்கும். அப்பதான் கோடும் தெரியும். அஞ்சாறு நாள்ல பழையபடி புழுதி ஏறிக்கும்."

இலக்கியா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் கூட வந்தது போல இருந்தது.

"நீங்களும் ஸ்கேன் பண்ணியிருக்கீங்களாங்க?"

"முறை வர்றதுக்குள்ள இங்க எழுதியிருக்கறதெல்லாம் படிச்சுருவோம். கலர் சோடா வெல, பஸ் டைம், பாப்பாவோட மாமன் பேரு, அத்தை பேரு. அப்புறம் மிச்சம் அந்தக் கட்டம்தான். எவ்வளவு நேரம் சும்மா இருப்பீங்கன்னு கேட்டுச்சு. ரெண்டு நாளுன்னு போட எடம் இல்ல."

"என்ன கேம் காட்டுச்சு?"

"கொடுமையக் கேளு. லாரியில மூட்டை அடுக்கற கேமு! இங்க ஒரு லாரி, போன்ல ஒரு லாரி. ஆனா விட முடியலம்மா. ஆந்திரா டிரைவருங்க என்னத் தாண்டிப் போயிட்டானுங்க."

லீலாவதி வந்தாள். இடுப்பில் முத்தமிழ், கையில் பூ. குழந்தையைக் கல்லாவில் அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து பிளெக்ஸில் மகளின் நெற்றியைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள், கம்மலைத் துடைத்தாள். துணி அப்படியே கீழே வழிந்து மூலை வரைக்கும் போனது. இலக்கியா அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

இலக்கியா சுவாதிக்குப் போன் போட்டாள். "அக்கா, திரையப் பாத்துக்கிட்டே இருங்க." மறுபடி கோடின் மேல் காட்டினாள். இந்த முறை உடனே வந்தது.

"ஒண்ணு வந்துச்சு! ரெட்டிபாளையம், பஸ் ஸ்டாண்ட் போஸ்டர்," என்று சுவாதி கத்தினாள். "ஏய், யாருடி அது?"

"நான்தான்க்கா."

பின்னால் அரியமுத்து குரல் கொடுத்தார், லாரிப் பக்கம் பார்த்து: "தொடைச்சாச்சு, வாங்கப்பா!" புதிதாக வரிசையில் சேர்ந்த இரண்டு பேர் போனோடு வந்தார்கள். சுவாதி இன்னும் இரண்டு முறை கத்தினாள்.

கல்லாவிலிருந்து சாமிதுரை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னம்மா நடக்குது? யாரு நீ?" என்றார்.

சொல்லாமல் போய்விடலாம். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவள் முதலிலிருந்து சொன்னாள். பஸ் ஸ்டாண்ட் போஸ்டர், முத்துவேல், பெங்களூர் கடிதம், எல்லாம். சொல்லச் சொல்ல சாமிதுரையின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்ப இத்தன நாளா எங்க வூட்டுப் புள்ள மூஞ்சியக் காட்டித்தான் நீங்க கம்பெனி நடத்தறீங்க?"

"ஆமாங்க. தெரியாம நடந்தது. ஆனா ஆமாங்க."

"அவுத்து மடிச்சு வச்சுரட்டுமா?"

பிளெக்ஸ் போனால் திங்கட்கிழமை காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. "உங்க பிளெக்ஸ், உங்க புள்ள. நீங்க சொன்னா சரிங்க," என்றாள் இலக்கியா.

லீலாவதி துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். "அண்ணே, நீ கொஞ்சம் சும்மா இரு. அப்ப தப்பு எங்க மேல இல்ல, அதானே?" என்று இலக்கியாவிடம் கேட்டாள். "என் நாத்தனா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதும்மா. போட்டோ பாக்கலாம்னு கூப்புட்டு மூட்டை தூக்க வச்சீங்களேன்னு. வந்த சொந்தமெல்லாம் அப்படித்தான் போச்சு. கூட்டத்துல போட்டோக்காரருகிட்ட கேக்கவும் இல்ல. ஒருத்தரும் ஒரு போட்டோ பாக்கல."

அந்த இடத்தில் இலக்கியாவுக்கு ஒன்று தோன்றியது. சரிதானா என்று தெரியவில்லை, சுவாதியிடம் கேட்டாள். அச்சடித்த கோடை மாற்ற முடியாது. ஆனால் அந்தக் கோடு எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

"மாத்தலாமே, அஞ்சு நிமிஷ வேலை," என்றாள் சுவாதி.

"அப்ப மொதல்ல போட்டோ வரட்டும்ங்க," என்றாள் இலக்கியா லீலாவதியிடம். "நீங்க எதெல்லாம் காட்டலாம்னு சொல்றீங்களோ அது மட்டும். அதுக்குக் கீழ, வேணுங்கறவங்களுக்குக் கேம்."

லீலாவதி அண்ணனைப் பார்த்தாள். சாமிதுரை மருமகள் முத்தமிழைப் பார்த்தார். அது ஒரு பன்னைக் கடித்துக்கொண்டு, பிளெக்ஸில் முறைத்த மாதிரியே இலக்கியாவை முறைத்தது.

"காது குத்துறப்ப புள்ள அழுவுற போட்டோ ஒண்ணுதான் போடலாம்," என்றார் சாமிதுரை. "மடியில வச்சுருந்தது நானு. அதுல என் முகம் நல்லா விழுந்துருக்கு."

திங்கட்கிழமை பெங்களூர்க்காரர்களோடு வீடியோ அழைப்பில் அறிவழகன் முதலில் பேசினான். வெளிப்புற விளம்பரத்தில் உள்ளூர் மக்களின் பழக்கத்தை ஆராய்ந்து என்று ஆரம்பித்தவன், இலக்கியா தன்னைப் பார்ப்பதைப் பார்த்து நிறுத்தினான். "எங்க ஆளே சொல்லட்டும்," என்றான்.

அவள் வெள்ளிக்கிழமை வரைபடத்தைக் காட்டினாள். அடுத்து, ஈரத்துணியோடு லீலாவதி நிற்கிற வீடியோ. 'டெஸ்ட்' என்று எழுதியது தன் தவறு, தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்க வேண்டும் என்றாள். பெங்களூர்க் கம்பெனி மேடம் வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னார். துணி மூலைக்கு வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இதை நீங்கள் கற்பனை செய்து எழுதியிருக்க முடியாது," என்றார் கடைசியில். "மற்ற விளம்பரதாரர்களுக்கு எதுவும் தெரிவிக்க மாட்டோம். ஒரே ஒரு கேள்வி. அந்தத் தாய்க்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். போட்டோவ அவங்கதான் எடுத்துக் கொடுத்தாங்க."

அழைப்பு முடிந்ததும் அறிவழகன் கம்பெனி இணையதளத்தில் தான் எழுதி வைத்திருந்த 'எங்கள் வரலாறு' பக்கத்தைத் திறந்தான். முதல் பயனாளர்களைத் தங்கள் தொழில்நுட்பம் கண்டுபிடித்த கதை அதில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை அழித்தான். "நீயே எழுது," என்று நாற்காலியைத் தள்ளிவிட்டான்.

இலக்கியா நான்கு தடவை எழுதி நான்கையும் அழித்தாள். ஐந்தாவதாக எழுதிய முதல் வரி நின்றது: 'எங்கள் முதல் விளம்பரத்தை நாங்கள் ஒட்டவில்லை, ரெட்டிபாளையத்தில் ஒரு தாய்மாமன் கட்டினார்.' அது சரியா என்று கேட்க சுவாதி பக்கம் திரும்பினாள்.

சுவாதி தன் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'ஆடிப் பார்' பக்கத்தில் நெல்லூரிலிருந்து ஒரு கருத்து வந்திருந்தது. தெலுங்கு. போனிலேயே மொழிபெயர்த்து உரக்கப் படித்தாள்.

"கேம் பரவாயில்லை. பாப்பாவுக்குக் காது ஆறிவிட்டதா?"